தவக்காலத்துல சர்ச்ல லேஸ் துணியா? பசித்துணி பத்தி ஒரு நீளமான பதில்

கேள்வி இது: "தவக்காலம்னா பீடத்துல பூ கிடையாது, அல்லேலூயா கிடையாது, எல்லாம் எளிமையா இருக்கணும்னுதானே சொல்வாங்க. ஆனா ஜெர்மனி பக்கம் தவக்காலத்துக்குன்னே கையால பின்னின பெரிய லேஸ் துணிய சர்ச்ல தொங்கவிடுவாங்கன்னு கேள்விப்பட்டேன். லேஸ்னா ஆடம்பரம் இல்லையா? எங்க பங்குல லேஸ் தெரிஞ்ச அக்காமார் நாலஞ்சு பேர் இருக்காங்க, நாங்களும் ஒண்ணு செய்யலாமா?"

ரெண்டுக்கும் சொல்றேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க. நான் குமரி மாவட்டத்துல ஒரு கடற்கரை ஊர்க்காரன். அம்மா வீட்டுல தலையணைய மடியில வச்சு லேஸ் பின்னினவங்க, பாட்டா கடலுக்குப் போனவர், கிழிஞ்ச வலைய அவரே உக்காந்து கட்டுவார். நான் இப்ப ஏழெட்டு வருஷமா ஜெர்மனியில ம்யூன்ஸ்டர்ல வேலை பாக்குறேன், இங்க பங்குல சாக்ரிஸ்டி வேலைக்கு ஞாயித்துக்கிழமை கூடமாட நிப்பேன், பீடத்துணி மடிக்கிறது, இஸ்திரி போடுறது இப்படி. இந்த ஊர்ல இருந்து ஒரு பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் கிழக்கால போனா டெல்க்டன்னு ஒரு சின்ன டவுன், அங்கதான் நீங்க கேள்விப்பட்ட மாதிரி துணி ஒண்ணு இருக்கு, 1623ல செஞ்சது. நீங்க கேட்ட கேள்விதான் அத முதல்ல பாத்தப்ப எனக்கும் வந்துச்சு.

மொதல்ல ஒரு விஷயம். இது அலங்காரத்துக்குத் தொங்கவிட்டது இல்ல, மறைக்கிறதுக்குத் தொங்கவிட்டது. இதுக்கு ஜெர்மன்ல ரெண்டு பேர், ஃபாஸ்டன்டூஹ்னா நோன்புத்துணி, ஹுங்கர்டூஹ்னா பசித்துணி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே மடங்கள்ல இருந்த பழக்கம். தவக்காலம் தொடங்குனதும் சனங்க நிக்கிற பகுதிக்கும் பீடம் இருக்கிற பகுதிக்கும் நடுவுல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பெரிய திரைய இறக்கிருவாங்க, பூசை அந்தப் பக்கம் நடக்கும், இந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு சத்தம் மட்டும் கேக்கும். வயிறு பட்டினி கிடக்குற மாதிரி கண்ணும் பட்டினி கிடக்கணும்ங்கிறதுதான் கணக்கு. இதுக்கு இன்னொரு விளக்கமும் சொல்வாங்க, பழைய காலத்துல பெரிய பாவம் செஞ்சவங்கள சாம்பல் புதன் அன்னைக்கு எல்லாரும் பாக்க சர்ச்ச விட்டு வெளிய அனுப்பி பெரிய வியாழன் அன்னைக்குத்தான் திரும்பக் கூட்டிக்குவாங்க, அந்த வழக்கம் மெல்ல மங்கினப்புறம் சரி நாம எல்லாருமே பாவிதானன்னு மொத்தக் கூட்டத்துக்கும் பீடத்த மறைச்சாங்கன்னு.

திரைய எப்ப எடுப்பாங்கன்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அந்தக் காலத்துல பெரிய வாரத்துல புதன்கிழமை லூக்கா நற்செய்தியில இருந்து இயேசு பட்ட பாடுகள வாசிப்பாங்க. அதுல கோவில் திரை நடுவுல கிழிஞ்சதுன்னு ஒரு வரி வரும்ல, அந்த வரிய வாசிச்ச நிமிஷம் கயித்த அவுத்து விட்டுருவாங்க, ஆறு வாரமா தொங்கின அவ்வளவு பெரிய துணி தரையில சரிஞ்சு விழும். நம்ம ஊர்ல பாஸ்கா நாடகத்துல கல்லற வெடிக்கிறப்ப வேட்டு போடுவாங்களே, எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு, ஆனா இங்க வேட்டு கிடையாது, துணி விழுற சத்தம் மட்டும்.

பேர் பத்தியும் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். சாப்பாட்டுக்கே வழியில்லாதவன ஜெர்மன்காரங்க "பசித்துணியக் கொறிக்கிறான்"ம்பாங்க. அது பழைய பேச்சுல "பசித்துணி தைக்கிறான்"னு இருந்திருக்கு. அவங்க மொழியில தைக்கிறதுக்கும் கொறிக்கிறதுக்கும் சொல்லு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், ஒண்ணு மருவி இன்னொண்ணாப் போச்சு. நம்ம ஆளுங்க வயித்துல ஈரத்துணியக் கட்டிக்கிட்டுப் படுத்தான்னு சொல்றோம்ல. ரெண்டு ஊர்லயும் பசின்னதும் வாயில வர்றது துணிதான், ஆச்சரியமா இருக்கு.

சரி, லேஸுக்கு வரேன். எல்லா நோன்புத்துணியும் லேஸ் கிடையாது, இத மனசுல வச்சுக்கோங்க. ரொம்பப் பேர் எடுத்தது எல்லாம் லினன் துணி மேல பெயின்ட் பண்ணினது. ஆஸ்திரியாவுல குர்க் பேராலயத்துல 1458ல கோன்ராட் வோன் ஃப்ரீசாஹ்னு ஒருத்தர் வரைஞ்சது, 99 காட்சி, இன்னிக்கும் தவக்காலத்துல தொங்குது. ஜெர்மனி கிழக்குக் கோடியில சிட்டாவ்ல 1472ல வரைஞ்சது, 8.20 மீட்டர் உயரம், 6.80 மீட்டர் அகலம், 90 காட்சி. அந்தப் பாவப்பட்ட துணிய 1945ல சோவியத் சிப்பாய்ங்க துண்டு போட்டு நீராவிக் குளியலுக்கு மறைப்பாக் கட்டியிருக்காங்க, அப்புறம் தேடி எடுத்து ஸ்விட்சர்லாந்துல ஒரு நிறுவனம் ஒட்டுப்போட்டு மீட்டுக் கொடுத்து இப்ப பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. இந்த ரெண்டுமே அடிப்படையில படக்கதை தான், எழுத்து தெரியாதவங்களுக்கு பைபிள் சொல்றது. நல்லா இருக்கும், ஆனா என்னக் கேட்டா கண்ணுக்குப் பட்டினின்னு சொல்லிட்டு 90 கலர் படம் காட்டுறது விரதம் இருக்கேன்னு சொல்லிட்டு வடை பாயாசத்தோட பலகாரம் பண்ற கதைதான்.

வெள்ளைத் துணி வழி தான் இதுல பழசு, எனக்கு நியாயமாப் படுறதும் அதுதான். பெர்லினுக்கு மேற்கால பிராண்டன்புர்க் பேராலயத்துல 1290 வாக்குல செஞ்ச ஒண்ணு இருக்கு, வெள்ளை லினன் மேல எம்பிராய்டரி. வடக்க லூனபுர்க் பக்கத்துல லூனன்னு ஒரு கன்னியர் மடம், அங்கயும் நடுக்காலத்துக் கன்னியாஸ்திரீங்க வெள்ளை மேல வெள்ளை நூல்ல போட்ட துணிங்க இருக்கு. வெள்ளைத் துணியில வெள்ளை நூல்னா தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. கிட்டப் போய் வெளிச்சம் சாஞ்சு விழுற கோணத்துல நின்னாத்தான் ஓ இங்க ஒரு ஆள் இருக்கார்னு தெரியும். மாசக்கணக்கா உக்காந்து செஞ்சுட்டு சட்டுனு கண்ணுல படாத மாதிரி செய்யிறதுன்னா அது ஆடம்பரத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், இல்லையா.

அதுல இருந்து இன்னும் ஒரு படி போனதுதான் ம்யூன்ஸ்டர் இருக்கிற வெஸ்ட்ஃபாலியாப் பகுதியோட லேஸ் துணிங்க. டெல்க்ட துணி 1623, கிட்டத்தட்ட ஏழரை மீட்டருக்கு நாலரை மீட்டர், இப்ப அந்த ஊர் மியூசியத்துல தொங்குது. அது பக்கத்து ஃப்ரெக்கன்ஹோர்ஸ்ட்ல இருக்கிறது 1628. டெல்க்ட துணி சதுரங்கப் பலகை மாதிரி, மொத்தம் 66 கட்டம், 33 கட்டம் சும்மா லினன் துணி, 33 கட்டம் வலை மேல படம் போட்டது. படம் எல்லாம் இயேசுவோட பாடுகள், அதுக்கு முன்னடையாளமா பழைய ஏற்பாட்டுல இருந்து சில காட்சிங்க. ஒரு கட்டம் மூடின கட்டம், ஒரு கட்டம் திறந்த கட்டம்னு மாறி மாறி வருது, திரை தானே மூச்சு விடுற மாதிரி இருக்கும்.

இத முதல்ல பாத்தப்ப நான் லேஸ்னா அம்மா பின்றது மாதிரி இருக்கும்னு நெனச்சுப் போனேன். அம்மா செஞ்சது தலையணை லேஸ், புள்ளி குத்தின அட்டைய தலையணை மேல வச்சு, குண்டூசி குத்தி, நூல் சுத்தின மரக்குச்சிங்கள ஜோடி ஜோடியாத் தாண்ட விட்டுத் தாண்ட விட்டுப் பின்றது, டக் டக்குனு அந்தக் குச்சி சத்தத்துலதான் நான் வளந்தேன். டெல்க்டல பாத்தது அது இல்ல. இதுக்கு ஃபிலே லேஸ்னு பேரு. முதல்ல வெறும் வலை கட்டணும், சதுரக் கண்ணி வலை. அதுக்கு ஒரு ஊசி, ரெண்டு பக்கமும் பிளந்து நூல் சுத்துறதுக்குத் தோதா இருக்கும், கண்ணி எல்லாம் ஒரே அளவா வர்றதுக்கு ஒரு சின்ன மட்டக்குச்சி. கண்ணாடிக்கு மூக்க வச்சு அந்த முடிச்சப் பாத்தேன், சிரிப்பு வந்துருச்சு, பாட்டா போட்ட முடிச்சு அது, கட்டுமரத்து வலையில போடுற அதே முடிச்சு! நூலும் சைஸும்தான் வேற. வீட்டுல ஒருத்தர் வலை ஒருத்தர் லேஸ்னு இருந்தாங்க, ரெண்டும் ஒண்ணாச் சேந்த பொருள நான் இவ்வளவு தூரம் வந்து மியூசியத்துல பாக்குறேன்.

வலை கட்டி முடிச்சா பாதி வேலைகூட ஆகல. அந்த வலைய ஒரு சட்டத்துல முரசுத் தோல் மாதிரி விறைப்பா இழுத்துக் கட்டணும், அப்புறம் சாதா ஊசியில நூல் கோத்து, எந்தெந்தக் கண்ணி அடையணுமோ அத மேலயும் கீழயுமா போய் நெசவு மாதிரி அடைக்கணும். அடைச்ச கண்ணி வெள்ளையாத் தெரியும், அடைக்காதது ஓட்டையாவே இருக்கும். படம் அவ்வளவுதான், இன்னைக்கு மொபைல் ஸ்க்ரீன்ல பிக்ஸல்ங்கிறோமே அதே கணக்கு. இதுக்குன்னே கட்டம் போட்ட மாதிரிப் புத்தகங்க அப்பவே அச்சுல வந்துருச்சு, பாரிஸ்ல 1587ல ஒண்ணு, நியூரம்பர்க்ல 1597ல ஒண்ணு. கட்டத்த எண்ணி எண்ணிப் போடணும், ஒரு கண்ணி தப்புச்சுன்னா மூக்கு கோணிக்கும். அதனால இந்தத் துணிங்கள்ல ஆளுங்க எல்லாம் கொஞ்சம் முரட்டுத்தனமா, படிக்கட்டு படிக்கட்டா இருப்பாங்க, ஓவியத்துல வர்ற நெளிவு சுளிவு இருக்காது. சிலபேர் இத கிராமத்துக் கைவேலைன்னு மட்டமாப் பேசுவாங்க, எனக்கு அது சரியாப் படல. சிலுவை சுமக்கிற ஒருத்தர வளைவே இல்லாம வெறும் சதுரங்களால காட்டுறப்ப ஒரு கனம் வருது, வழவழன்னு வரைஞ்சா அது வராது.

நானும் சும்மா இருக்காம ஒரு கர்சீப் அளவுக்கு கட்டிப் பாத்தேன். சதுர வலைய ஒரு மூலையில இருந்து தொடங்கி வரிசைக்கு ஒரு கண்ணி கூட்டிக்கிட்டே போகணும், பாதி வந்ததும் குறைச்சுக்கிட்டே வரணும், இது தெரியாம நேர் வரிசையாத் தொடங்கி டைமண்டு டைமண்டா வந்து அவுத்துட்டேன். மூணு ஞாயித்துக்கிழமை போச்சு. முடிச்சு முடிச்சா போடுறப்ப மனசு செபமாலை மணி தள்ளுற வேகத்துக்கு வந்துரும், அது உண்மை. ஆனா முதுகு வலியும் உண்மை, பக்திக்காகச் செஞ்சது பக்திக்காகச் செஞ்சதுன்னு எழுதுறவங்க இந்த முதுகுவலிய விட்டுருவாங்க.

இப்ப வெளிச்சம் பத்தி, இதுதான் உங்க முதல் கேள்விக்கு உண்மையான பதில். தடித் துணி தொங்கினா சுவர் மாதிரிதான், அதோட கதை முடிஞ்சுது. வலை அப்படி இல்ல. இந்தப் பக்கம் வெளிச்சம், பின்னாடி பீடத்துப் பக்கம் இருட்டுன்னா படம் வெள்ளையா எழும்பி நிக்கும், பின்னாடி இருக்கிறது ஒண்ணும் தெரியாது. அதே பின்னாடி மெழுகுத்திரி ஏத்தினாங்கன்னா, இல்ல கிழக்கு ஜன்னல்ல காலை வெயில் வந்துச்சுன்னா, எல்லாம் தலைகீழாகும், ஓட்டை எல்லாம் ஒளியாகி படம் கருப்பு நிழலாகும், அதுக்குப் பின்னாடி யாரோ நடமாடுறது மங்கலாத் தெரியும். மறைக்கவும் செய்யுது, அந்தப் பக்கம் என்னமோ இருக்குன்னு காட்டவும் செய்யுது. நாப்பது நாள் கழிச்சு திரை விழப்போகுதுன்னு தெரிஞ்சவனுக்கு அந்த மங்கல் போதும். இந்த வேலைக்கு லேஸத் தவிர வேற எந்தத் துணியும் தோதுப்படாது. லேஸ்ங்கிறது பாதி நூல், பாதி ஒண்ணுமில்லாதது. நோன்புக்கு இதவிட என்ன துணி வேணும்.

காலம் வேற பாருங்க. 1623ல கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபைக்காரங்களுக்கும் நடுவுல முப்பதாண்டுப் போர் நடந்துக்கிட்டிருக்கு, அந்த வருஷம் ஆகஸ்ட்ல இதே ம்யூன்ஸ்டர்லாந்துல ஸ்டாட்லோன்ங்கிற இடத்துல பெரிய சண்டை, கத்தோலிக்கப் படைக்குத் தலைமை தில்லிங்கிற தளபதி. பீடத்த மறைக்கிற துணி அப்ப வெறும் பழக்கம் இல்ல, நீ எந்தப் பக்கம்னு காட்டுற விஷயம், ஏன்னா சீர்திருத்தத்தத் தொடங்கின லூத்தர் 1526லயே தவக்காலம் இருக்கட்டும், பெரிய வாரமும் இருக்கட்டும், ஆனா இந்தப் பசித்துணி, சிலைய மூடுறது மாதிரி கூத்தெல்லாம் வேண்டாம்னு எழுதிட்டார். சீர்திருத்த சபை பக்கம் பெரும்பாலும் ஒழிஞ்சிருச்சு (சிட்டாவ் ஒரு விதிவிலக்கு, அங்க லூத்தரன் ஆனப்புறமும் 1573ல இன்னொண்ணு வரைஞ்சாங்க). வெஸ்ட்ஃபாலியா கத்தோலிக்கர்களுக்கு அதனாலயே இது இன்னும் ஒட்டிக்கிச்சு. சணல் மாதிரி ஆளி பயிரிட்டு லினன் நெய்யிற ஊர் வேற இது, நூலுக்குப் பஞ்சம் இல்ல.

நம்ம ஊர் லேஸுக்கும் இதுக்கும் நேரடி உறவு இல்ல, அத இழுத்துப் போட்டு முடிச்சு போட மாட்டேன். நாகர்கோவில்ல 1820கள்ல லண்டன் மிஷன் மார்த்தா மால்ட் அம்மா பெண்பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, அவங்க மக எலைசா கால்டுவெல்லக் கட்டி இடையன்குடிக்குப் போய் அங்க தொடங்கினது, 1897ல முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியம் சிஸ்டர் மரி லூயிஸ் தெ மேஸ்டர் வழியா வந்த கான்வென்ட் லேஸ், எல்லாம் முக்கியமா பிழைப்புக்கு. விக்கிறதுக்காகப் பின்னினது, பீடத்துணி ஓரமும் போச்சு, வெள்ளக்காரி கவுன் ஓரமும் போச்சு. அத மட்டமாச் சொல்லல, அந்தக் காசுல எத்தனையோ வீட்டுல அடுப்பு எரிஞ்சுது, எங்க வீட்டுலயும்தான். ரேந்தைன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்களே, அந்தச் சொல்லே போர்ச்சுக்கீசியம்.

ஆனா பசித்துணிக்கு இந்தியா உறவு ஒண்ணு உண்டு. இந்தப் பழக்கம் ஜெர்மனியில கிட்டத்தட்ட மறந்துபோன நேரத்துல மிசெரியோர்னு அங்கத்து கத்தோலிக்க உதவி அமைப்பு 1976ல அதத் திரும்ப உயிர்ப்பிச்சுது, முதல் துணிக்குப் படம் போட்டது பெங்களூர் பக்கத்துல இருக்கிற ஜோதி சாஹி. அப்புறம் வேற வேற நாட்டு ஓவியர்ங்க படத்தோட இன்னிக்கு வரைக்கும் வருது, அச்சடிச்சு பங்குகளுக்கு அனுப்புறாங்க. லேஸ் கிடையாது, மறைக்கிறதும் கிடையாது, ஏறக்குறைய போஸ்டர் தான், எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம், இருந்தாலும் அது இல்லாட்டி நான் உட்பட பாதிப் பேருக்கு இந்த வார்த்தையே தெரிஞ்சிருக்காது.

இனி உங்க ரெண்டாவது கேள்வி. தாராளமாச் செய்யலாம், ஆனா ஃபாதர்கிட்ட முதல்ல பேசுங்க. இப்ப பூசை சனங்களப் பாத்து நடக்குறதால பீடத்துக்கு முன்னாடி திரை போட முடியாது, பின் சுவர்லயோ பக்கத்துச் சிலைக்கு முன்னாடியோ தொங்கவிடலாம். நம்ம ஊர்லதான் தவக்காலம் அஞ்சாம் ஞாயிறுல இருந்து சிலைங்கள ஊதாத் துணியால மூடுறோமே, அந்த ஊதாத் துணிக்கு முன்னாடி வெள்ளை வலை தொங்கினா படம் தெளிவா எழும்பி நிக்கும், தனியா இடம் தேட வேண்டாம். சிலுவைன்னா பெரிய வெள்ளி ஆராதனை வரைக்கும், மத்த சிலைன்னா பாஸ்கா இரவுக்கு முன்னாடி எடுத்துரணும்.

அளவுல பேராசைப்படாதீங்க. ஒரு சென்டிமீட்டர் கண்ணின்னு வைங்க, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் துணியில பத்தாயிரம் கண்ணி. அத்தனைக்கும் முடிச்சு, அப்புறம் அடைக்கிறது. முப்பது சென்டிமீட்டர் சதுரமா ஆளுக்கு ரெண்டு செஞ்சு, நடுவுல சாதா காடாத்துணி சதுரம் வச்சு டெல்க்ட மாதிரி சதுரங்கமாத் தைங்க, அப்ப ஒருத்தர் லேட் பண்ணினாலும் மத்தவங்க வேலை நிக்காது. லினன் நூல் தேடி அலைய வேண்டாம், பழுப்பு நிறப் பருத்தி நூலே போதும், ஆனா தொடங்குறதுக்கு முன்னாடி நூலையும் காடாவையும் நனைச்சுக் காயவச்சுருங்க, இல்லாட்டி முதல் சலவையில வலை ஒரு அளவு சுருங்கும், துணி ஒரு அளவு சுருங்கும், மொத்தமும் கோணிப் போகும். படத்த கட்டம் போட்ட நோட்டுல முதல்ல வரைஞ்சுக்கோங்க. முகம் போட முயற்சி பண்ணாதீங்க, முள்முடி, ஆணி, ஏணி, சேவல் இதெல்லாம் கட்டத்துக்குள்ள அழகா உக்காரும். உங்க அக்காமார் தலையணை லேஸ்காரங்கன்னா வலை முடிச்சு அவங்களுக்குப் புதுசா இருக்கும், அதுக்குக் கடற்கரை ஊர்ல வலை கட்டுற ஒரு பாட்டாவப் பிடிங்க, அரை மணி நேரத்துல கத்துக் கொடுத்துருவார்.

கஞ்சி போட்டு வைக்காதீங்க, மியூசியம் மாதிரி மடிக்காம குழாய்ல சுத்தி வைங்க. மடிச்ச இடத்துல நூல் நாளாக நாளாக அத்துப்போகும், கஞ்சி இருந்தா வெள்ளிப்பூச்சி வந்து அடுத்த சாம்பல் புதனுக்குள்ள நீங்க போடாத ஓட்டையெல்லாம் அது போட்டு வச்சிருக்கும்.